பையா, ஏர்கானா, ஊர்ப் பயணமா: எதைக் குறைத்தால் பலன்?

2023 ஜூலை 3 முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு. பையைக் கையோடு கொண்டுபோவது நல்ல பழக்கம்தான். ஆனால் பருவநிலைக்கு நம் பங்கைச் செய்துவிட்டோம் என்ற திருப்தியும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. எந்தப் பழக்கம் எத்தனை கிலோ கரியமில வாயு என்று ஒரே தராசில் நிறுத்தினால் வரிசை வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சில பத்து கிராம் கரியமில வாயுதான். வாரம் பத்துப் பை என்றாலும் ஆண்டுக்கு 15 கிலோ அளவில் நிற்கும். மாற்றாகத் துணிப்பையா? 2011இல் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் வெப்பமாதல் கணக்கில் அது சாதாரணப் பிளாஸ்டிக் பையைவிட மேல். கடைக்காரர் இலவசமாகத் தருகிற துணிப்பைகளை அலமாரியில் அடுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து ஏர்கான். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு. படுக்கையறை ஏர்கான் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 4 முதல் 6 யூனிட், அதாவது சுமார் 2 கிலோ. ஆண்டுக்கு 600 முதல் 900 கிலோ, ஓர் அறைக்கு மட்டும்! 50 வாட் ஃபேன் அதே எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட்தான் கேட்கும். ஆண்டு முழுக்க ஓடினாலும் 60 கிலோவைத் தாண்டாது.

அதற்காக ஏர்கானே கூடாது என்று சொல்வதில் நியாயமில்லை. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டது. அந்த மாதிரி நாளில் கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீட்டில் யார் மனசு வந்து அதை அணைப்பார்கள்? 25 டிகிரியில் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்தி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் சுற்றினால் வீண்.

பலர் கவனிக்காதது ஏர்கானுக்குள் இருந்து குளிரவைக்கும் காஸ். 'காஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணணும்' என்று சர்வீஸ்காரர் சொன்னால் சரி என்று பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பழைய ஏர்கான்களில் உள்ள ஆர்-410ஏ என்ற காஸ் ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். புதியவற்றில் உள்ள ஆர்-32 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஆட்டிறைச்சி கனம். ஒரு கிலோ இறைச்சிக்கு உலகச் சராசரி 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் வரை போகிறது, கோழிக்கு அதில் கால்வாசி, பருப்புக்கு ஓரிரு கிலோ. தேக்காவில் வாரம் அரைக் கிலோ மட்டன் வாங்கும் வீடு, அந்தப் படுக்கையறை ஏர்கானைத் தாண்டிவிடக்கூடும். தூரத்திலிருந்து வருவதால் என்று நினைக்க வேண்டாம், கப்பலில் வந்தால் அதன் பங்கு சொற்பம். ஆடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன்தான் பெரும்பகுதி. பிரியாணியை மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கு மாற்றினால் கறிச்செலவும் குறையும்.

விமானம்தான் தர்மசங்கடம். சென்னை போய்வர ஓர் இருக்கைக்கு 300 முதல் 500 கிலோ. நால்வர் குடும்பம் என்றால் ஒரு டன்னைத் தாண்டும். அப்பா அம்மாவைப் பார்க்கப் போகாதே என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் பொங்கலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போவதை ஒரே நீண்ட பயணமாக்க முடியுமா என்று பார்க்கலாம். மலிவு டிக்கெட் கிடைத்தது என்பதற்காகக் கிளம்பும் பாங்காக் வார இறுதியை விட்டுவிடலாம்.

ஒன்றே ஒன்றை மாற்றச் சொன்னால் நான் கை வைப்பது ஏர்கானில்தான். மட்டனுக்கும் ஊருக்கும் வீட்டில் சண்டை வரும்; இதற்கு வராது, மின்கட்டணம் பேசிக்கொள்ளும். யூனிட் சுமார் 30 காசு என்றால் மாதம் பாதி இரவுகள் ஃபேனோடு தூங்கினாலே 20 வெள்ளி அளவில் மிச்சம்.