ஆன்கியில் அன்றாட ஆங்கிலம்: திருப்பூரிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது துணி வாங்கும் பையர்களுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஆர்டர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஐரோப்பிய பையர்களோடு மின்னஞ்சல், ஃபோன், வீடியோ கால் என்று பொழுது ஆங்கிலத்திலேயே போகிறது. லேப் டிப் (கலர் ஒப்புதலுக்குச் சாயமேற்றும் மாதிரித் துணி), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), ஷிப்மெண்ட் போன்ற தொழில் சொற்களுக்காக யாரும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. சேர்ந்த சில மாதங்களில் அவை நாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. தடுமாற்றமெல்லாம் அவற்றுக்கு நடுவே வரும் சாதாரணப் பேச்சில்தான். "சற்றுப் பொறுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்", "நீங்கள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை", "இரண்டு நாள் தள்ளிப்போகும், ஆனால் சமாளித்துவிடுவோம்" என்பதையெல்லாம் இயல்பாகச் சொல்ல வராதவர், தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஃபோனைப் பக்கத்து இருக்கைக்கு நீட்டிவிடுகிறார். இந்த அன்றாட ஆங்கிலத்துக்கென்றே சில ஆண்டுகளாக ஆன்கி செயலியைப் பயன்படுத்திவருகிறேன்.

ஆன்கி, 2006-இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட மென்பொருள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று நாமே கார்டு எழுதிக்கொள்ளலாம். பதிலைப் பார்த்ததும் அகெய்ன், ஹார்டு, குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். நினைவிலிருந்த கார்டு சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், சில மாதம் என்று இடைவெளி நீளும். மறந்த கார்டு அன்றைக்கே திரும்பி வந்து நிற்கும். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். அந்த மறதியின் போக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மறக்கப்போகும் தறுவாயில் நினைவூட்டுவதுதான் இந்தச் செயலியின் வேலை. எந்தக் கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறையும் 2023-இல் இதில் சேர்ந்தது. அமைப்புகளில் அதை இயக்கிய பிறகு எனக்குத் தினமும் வரும் கார்டுகள் கண்கூடாகக் குறைந்தன, நினைவு குறையவில்லை.

கருவி இவ்வளவுதான். பலன் முழுக்க, கார்டில் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. தனிச் சொல்லும் அதன் பொருளும் எழுதிய கார்டு எனக்கு வாய்திறக்க உதவியதில்லை. முன்பக்கத்தில் தமிழில் ஒரு சூழ்நிலை, பின்பக்கத்தில் அதற்கு நான் சொல்ல வேண்டிய முழு ஆங்கில வாக்கியம் என்பதே என் வழக்கம். ஒரு கார்டைக் காட்டுகிறேன். முன்பக்கம்: "கலர் உறுதியாகும்வரை துணியை வெட்ட வேண்டாம் என்று பையர் கேட்டுக்கொள்கிறார்." பின்பக்கம்: "ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் கட்டிங் அன்டில் வீ கன்ஃபர்ம் த கலர்." இதற்கு அடுத்த கார்டு, ஆர்டரையே ரத்து செய்வதற்கான "கால் ஆஃப்". இன்னொன்று, தேதியைத் தள்ளிவைக்கும் "புட் ஆஃப்". மூன்றிலும் ஒரே "ஆஃப்"தான். ஆனால் முதலாவதில் கட்டிங் டேபிள் காத்திருக்கும், இரண்டாவதில் வாங்கிய நூலெல்லாம் குடோனில் கிடக்கும். தன் வேலையோடு இப்படிப் பிணைந்த வாக்கியம் மறக்காது. பிறர் செய்து இணையத்தில் பகிர்ந்த ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட டெக்குகள், அதாவது கார்டுத் தொகுப்புகள், இலவசமாகவே கிடைக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவருக்கு அவை உதவலாம். பேச விரும்புகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாக்கியங்களை எங்கிருந்து எடுப்பது? பாதி, பையர்கள் எழுதும் மின்னஞ்சல்களிலிருந்து. அவர்கள் எப்படி மறுக்கிறார்கள், எப்படி வலிக்காமல் குறை சொல்கிறார்கள் என்று கவனித்தால் அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. மீதி, பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தரும் "6 மினிட் இங்கிலீஷ்", "தி இங்கிலீஷ் வீ ஸ்பீக்" நிகழ்ச்சிகளிலிருந்து. இரண்டாவது சில நிமிடங்களே ஓடும், ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு உரையாடலாகவே விளக்கும். எழுத்து வடிவமும் கூடவே கிடைப்பதால், கேட்டதைக் கண்ணாலும் சரிபார்க்கலாம்.

ஒலியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகங்களைப் பஸ் ஸ்டாண்டு கடைகளில் பார்க்கிறோம். தொடக்கத் துணிச்சலுக்கு அவை போதும். ஆனால் தோளில் மாட்டும் பையும், முதுகும், அட்டைப்பெட்டியில் அடுக்குவதும் தமிழில் "பேக்" என்றே எழுதப்படும். பேக்கிங் லிஸ்ட் பேசும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆகவே என் ஒவ்வொரு கார்டிலும் ஒலி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். அதைக் கேட்டு, என் குரலில் சொல்லி, கார்டிலேயே பதிவு செய்கிறேன். அலுவலகம் கிளம்பும் முன், வாய்விட்டுச் சொல்லித்தான் பொத்தானை அழுத்துகிறேன். மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் பாதிப் பயன்தான்.

இதன் பலனைக் கண்ணெதிரே கண்டது, ஒரு பெண் பையரைக் கோவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த காரில். அவிநாசி சாலை வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் யாரும் ஜிஎஸ்எம் பற்றிப் பேசுவதில்லை. பயணம் எப்படி இருந்தது, தூங்க முடிந்ததா, ஊரில் குளிர் எப்படி என்று நானே தொடங்கினேன். அவர் நாய் வளர்ப்பதைச் சொன்னார், நான் எங்கள் வீட்டு வாழை மரத்தைப் பற்றிச் சொன்னேன். "ஹவ் அபவுட் யூ?", "தட் மஸ்ட் பி டஃப்", "ஐ நோ வாட் யூ மீன்" என்ற சிறு தொடர்கள்தான் அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கின. பேச்சில் எதிராளிக்குக் கைகொடுப்பவை இவைதான். மறுநாள் விலை பேசும்போது இருவரும் முந்தின நாளே பழகியவர்களாக இருந்தோம்.

சிரமங்களும் உண்டு. புதிய கார்டுகள் நாளுக்கு 20 என்பது செயலியில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவு. வேலைக்குப் போகிறவருக்கு அது அதிகம், ஐந்து போதும். புதிதாகச் சேர்ப்பதெல்லாம் பின்னால் திரும்ப வரும், ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒரு வாரம் விட்டால் மலைபோல் குவிந்துவிடும். ஒரே கார்டை எட்டு முறை மறந்தால் செயலியே அதைத் தனியாகக் குறித்துக் காட்டும், அமைப்புகளில் சொல்லிவைத்தால் ஒதுக்கியும் வைக்கும். அப்படி ஒதுங்கியதைத் திரும்பச் சேர்க்காதீர்கள், வேறு சூழ்நிலையோடு புதிதாக எழுதுங்கள். திரையும் அழகானதல்ல. பரிசும் பாராட்டும் எதிர்பார்ப்பவர் சீக்கிரம் சலித்துவிடுவார்.

இன்னொன்று. நம் ஆங்கிலத்தைத் துடைத்தெறிய வேண்டும் என்ற எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம். மீட்டிங்கை முன்னதாக வைப்பதை நாம் "ப்ரீபோன்" என்கிறோம். அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல். பெங்களூரு அலுவலகத்துக்கு அப்படியே எழுதுகிறேன், ஐரோப்பியர்களுக்கு "ப்ரிங் ஃபார்வர்டு" என்று எழுதுகிறேன். யாரிடம் எது செல்லும் என்று கார்டிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

கணினியிலும், ஆன்கிட்ராய்டு என்ற பெயரில் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் இது இலவசம். ஐஃபோனுக்குப் பணம் கட்ட வேண்டும். அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்கள் என் டெக்கைக் கேட்கிறார்கள். கார்டின் அமைப்பை மட்டும் காலியாக அனுப்பி, அன்று ஃபோனில் சொல்ல முடியாமல்போன ஐந்து விஷயங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். ஆங்கிலப் பக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புகிறோம்.