சுங்கை சிப்புட் சைக்கிள் கடையில் என் சக்கர நாற்காலி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பழைய கடைவரிசையின் கோடியில் இருக்கும் அந்தச் சைக்கிள் கடைக்கு நான் 12 வயதிலிருந்து போய்வருகிறேன். தோட்டத்துச் செம்மண் மேடுகளில் பாய்ந்து இறங்கி வளைத்த ரிம்களை அப்பொழுது தோளில் மாட்டிக்கொண்டு போவேன். பின்னாளில் மலைச்சரிவுப் போட்டிகளுக்கான வண்டியும் அங்கேதான் தயாரானது. 2016இல், பயிற்சியின்போது தாவிய ஓரிடத்தில் தரையிறங்கத் தவறி, மார்புப் பகுதி முதுகெலும்பில் 10ஆவது எலும்பு நொறுங்கியது. அன்று முதல் தொப்புளுக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இப்பொழுது அதே கடைக்குச் சக்கர நாற்காலியோடு போகிறேன்.

அதற்கு முன், நகரத்தில் மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்திடம், ஓடும்போது சத்தம் போட்ட நாற்காலியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, அதே சத்தத்தோடு திருப்பித் தந்தார்கள். அந்த மூன்று வாரமும் இரவல் வாங்கிய இரும்பு நாற்காலி எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குள் நுழையாததால், ஒவ்வொரு முறையும் தம்பி என்னைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. சரிவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தன்னந்தனியாக இறங்கியவனுக்கு, விழுந்ததைவிட அந்த நாள்கள்தான் கடினமாக இருந்தன.

கடைக்காரர் அண்ணன் நாற்காலியைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அச்சின் அருகே காதை வைத்துக் கேட்டார். பிறகு ரிம்மை அளந்து, "தம்பி, இது உன் பழைய வண்டியோட அளவுதானே?" என்றார். உண்மைதான். 25 அங்குலம் என்று சொல்லப்படும் சக்கர நாற்காலியின் ரிம்மும், 26 அங்குல மலைச் சைக்கிளின் ரிம்மும் 559 மில்லிமீட்டர்தான். டயர் மட்டும் மெலிது. சரிவில் 30 பிஎஸ்ஐக்கும் (காற்றழுத்த அளவு) குறைவாக வைத்திருந்த காற்றை இதில் 100க்கு மேல் அடிக்க வேண்டும்.

முன்சக்கரத்தைக் கழற்றியபோதுதான் கோளாறு தெரிந்தது. அச்சைச் சுற்றி அம்மாவின் நீண்ட தலைமுடியும் செம்பனை நாரும் நூல்கண்டுபோல் இறுகியிருந்தன. குறட்டால் இழை இழையாக இழுத்து எடுத்தார். துருப்பிடித்திருந்த பேரிங்குகள் 608 என்ற அளவுடையவை, ஸ்கேட்போர்டுக்குப் போடும் அதே வகை, கடையிலேயே இருந்தன. முன்சக்கரம் திடீரென்று நின்றால் என்னைப் போன்றவர் முகங்குப்புற விழுவார், காலை ஊன்றித் தடுக்க முடியாது. அதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டு, நான்கு பேரிங்குகளையும் மாற்றி, தளர்ந்த கம்பிகளையும் முறுக்கினார். எல்லாம் சேர்த்து 85 வெள்ளி (ரிங்கிட்), ஒன்றரை மணி நேரம்.

இன்னொரு வேலையை அவர் ஏற்கவில்லை. அதற்காகவே அவர்மேல் மதிப்புக் கூடியது. 2013இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில் விழுந்து முடங்கிய பிரிட்டிஷ் மிதிவண்டி வீரர் மார்ட்டின் ஆஷ்டன், இருக்கை பொருத்திய தனி வண்டியில் 2015இல் மீண்டும் சரிவில் இறங்கினார். என் பழைய வண்டியை அப்படி மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். தனக்குச் சக்கரம் தெரியும், உடலைத் தாங்கும் இருக்கை தெரியாது, தவறாகப் பற்றவைத்தால் புண் வந்தாலும் உனக்குத் தெரியாதே என்று மறுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. கடைக்கு முன்னால் உள்ள கூரையிட்ட ஐந்தடி நடைபாதைக்கு ஏற இரண்டு படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை. அவர் சாலையோரத்துக்கு இறங்கி வந்து வேலை செய்கிறார் என்பது அவருடைய பெருந்தன்மை, ஆனால் மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். ஒரு பலகையாவது போடச் சொல்லியிருக்கிறேன். மெல்லிய டயர் கையிருப்பில் இராது, வரவழைக்கப் பத்து நாள் ஆகும். ஆகவே டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மழைக்கு முன் காலையிலேயே போவது நல்லது.

வேலை முடிந்ததும் உடனே பணம் வாங்கவில்லை. கடைவரிசையின் மறுகோடி வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். ஒரே தள்ளலில் நாற்காலி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக ஓடியது.