சிரிப்பு வாயுவுடன் ஒரு வேர் சிகிச்சை

கடவாய்ப்பல் சொத்தையாகி ஓராண்டு ஆகியும், பல்லைக் குடையும் கருவியின் ஓசைக்கு அஞ்சிக் கிராம்பு எண்ணெயிலேயே காலம் தள்ளிய நான், சென்ற மாதம் மதுரையில் சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வசதியுள்ள ஒரு பல் மருத்துவமனையில் வேர் சிகிச்சை செய்துகொண்டேன்.

இது மயக்க மருந்து என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கடைசிவரை விழித்துத்தான் இருப்போம். மூக்கின்மேல் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க்கை வைத்து முதலில் வெறும் ஆக்சிஜனைக் கொடுத்தார்கள். பிறகு மருத்துவர் வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் எப்படி இருக்கிறது என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திருந்தார். 30 விழுக்காட்டைத் தாண்டியபோது விரல் நுனிகள் குறுகுறுத்தன. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த என் கை தானாகத் தளர்ந்தது. கருவியின் ஓசை நிற்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு மிக்சியின் இரைச்சலைப்போல எனக்குச் சம்பந்தமில்லாததாகிவிட்டது. சிரிப்பு மட்டும் வரவேயில்லை.

அச்சம் தணிந்தாலும் வேர் சிகிச்சையின் வலிக்கு இந்த வாயு போதாது என்பதால், ஈறு மரத்துப்போக ஊசியும் போட்டார்கள். ஊசி இறங்கியது தெரிந்தது, பதற்றம் இல்லை. 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இவ்வாயுவைச் சுவாசித்துத் தன் பல்லையே பிடுங்கச் செய்த பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ், அடுத்த மாதமே பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட, ஏளனத்துக்கு ஆளானார். வாயுப்பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டதே காரணம் என்று அவர் பின்னர் கூறினார். அளவைக் கூட்ட அவசரப்படாத மருத்துவர் எனக்கு வாய்த்தது என் நல்லகாலம்.

முடிந்ததும் 5 நிமிடம் மீண்டும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, தலை தெளிந்ததை உறுதிசெய்த பிறகே எழவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. மூக்கடைப்பு இருந்தால் வாயு உள்ளே போகாது என்று முதல்முறை என்னைத் திருப்பி அனுப்பியது சரியே; ஆனால் முன்பதிவின்போதே அதைக் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் மிஞ்சியிருக்கும். வாயுவுக்குத் தனிக் கட்டணம் என்பதும் ரசீதைப் பார்த்த பிறகே தெரிந்தது.

மேல்வரிசையில் இன்னொரு சொத்தை இருக்கிறது. அதற்கு நாள் குறிக்கத் தொலைபேசியில் அழைத்தபோது, சளி இல்லை என்பதை நானே முந்திக்கொண்டு சொல்லி, கட்டணத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.