கச்சேரி ரத்து என்று சொல்லி 14,000 ரூபாய்: கடலூர், பாண்டி ராக் ரசிகர்கள் கவனத்துக்கு

திங்கள் இரவு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் முன்பின்னாகத்தான் வரும். போனது 14,000 ரூபாய். இரண்டு டிக்கெட், வேனில் இரண்டு சீட். வாங்கியது பாண்டியில் ஒரு கடையில். டூர் வேன் விடுவார்கள், பஸ் டிக்கெட் போட்டுத் தருவார்கள், பெங்களூரிலோ சென்னையிலோ பெரிய கச்சேரி வந்தால் டிக்கெட்டையும் வேனையும் சேர்த்து பேக்கேஜ் என்று விற்பார்கள். அந்த வகைக் கடை. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. பாடகர் பெயரும் வேண்டாம், வதந்தியில் அது உருண்டது போதும். எழுபதைத் தாண்டியவர், ராக் கேட்பவர்கள் வீட்டில் அவர் கேசட் ஒன்றாவது இருந்திருக்கும்.

இப்படி வாங்குபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் பத்துப் பாயிண்டாகப் போடுகிறேன். முதலில் நடந்தது.

சனிக்கிழமை பெங்களூரில் கச்சேரி. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வாட்ஸ்அப்பில் 28 விநாடி ஆடியோ ஒன்று சுற்ற ஆரம்பித்தது: பாடகருக்கு முடியவில்லை, ஐசியூவில் சேர்த்துவிட்டார்கள், நாளைக்கு ரத்து அறிவிப்பு வரும். கூடவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ட்ரிப்ஸோடு அவர் படுத்திருக்கும் படம். மேலே ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று இரட்டை அம்புக்குறி. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். பல வருஷத்துக்கு முன் வேறொரு அறுவைச் சிகிச்சை முடிந்து அவரே போட்ட படம் அது. லென்ஸில் போட்டது ஞாயிற்றுக்கிழமைதான், பணம் போனபிறகு.

வதந்திக்குப் பொறி எங்கிருந்து வந்தது என்றால், அவர் ஒரு பேட்டியைத் தள்ளிப்போட்டிருந்தார், அவ்வளவுதான். இந்த வயதில் டூர் போகும் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கச்சேரிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாளாவது விடுவார்கள். அன்றைக்குப் பேட்டி கிடையாது, போனில் பேச்சுகூடக் குறைவு. வாய்ஸ் ரெஸ்ட் என்பார்கள். கிட்டார்காரருக்கு ஜலதோஷம் வந்தால் மேடையேறிவிடலாம், தொண்டைக்காரரால் முடியாது, அதனால் வாயைக் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஆளையே காணோம் என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் இந்த ஆடியோ மாதிரிச் சரக்கு விலை போகிறது.

புதன்கிழமை கடையில் சொன்ன கணக்கு இது. டிக்கெட்டின் அச்சு விலை 9,000. வதந்தியால் விற்பவர்கள் பயந்து இறக்கியதால் 5,500-க்குக் கிடைத்ததாம். இரண்டுக்கு 11,000. வேன் தலைக்கு 1,500, இரண்டுக்கு 3,000. மொத்தம் 14,000.

“ஒருவேளை நிஜமாவே ரத்தாயிடுச்சுன்னா?” என்று கேட்டதற்கு வந்த பதிலில்தான் விழுந்தது: “ரத்தானா உங்களுக்கு இன்னும் நல்லது சார். ரீஃபண்டு அச்சு விலைக்குத்தான வரும்? 18,000 வாங்கி உங்க கையில குடுத்துர்றோம். நடந்தா கச்சேரி, நடக்கலன்னா 7,000 லாபம். எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு நஷ்டமே இல்ல.”

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். ரீஃபண்டு எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அந்தக் கணக்குக்கே திரும்பும். முதலில் புக் செய்தவரின் கார்டு, அல்லது அவருடைய யுபிஐ. நடுவில் டிக்கெட் எத்தனை கை மாறியிருந்தாலும் விற்ற தளத்துக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. 18,000 அந்த முதல் ஆளுக்குப் போகும். அவர் கடைக்குத் தர வேண்டும், கடை நமக்குத் தர வேண்டும். அப்படியே வந்தாலும் 7,000 ரூபாயை ஒரு வியாபாரி எதற்கு நமக்கு விட்டுத்தருகிறார்? இந்தக் கேள்வி கடைக்குள் வரவில்லை. முள்ளோடை எல்லை தாண்டிக் கடலூர் வீட்டுக்கு வந்தபிறகும் வரவில்லை.

அடுத்தது டிக்கெட்டைக் காட்டிய விதம். இப்போது பல பெரிய கச்சேரிகளுக்கு வெறும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆப்பிலேயே டிக்கெட் திறக்கும், க்யூஆரைச் சுற்றிக் கோடு ஓடும், இல்லை குறியீடே சில விநாடிக்கு ஒருமுறை மாறும். படம் பிடித்துப் பத்துப் பேருக்கு விற்கக் கூடாது என்பதற்காக. கடைக்காரர் போனை நீட்டினார். நீலக் கோடு சுற்றிச் சுற்றி ஓடியது, கீழே விநாடி இறங்கிக்கொண்டே போனது. உயிருள்ள டிக்கெட், வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

அது வீடியோ. ஸ்கிரீன் ரெக்கார்டிங். போன் மேல் பட்டையில் மணி 4:12, பேட்டரி 81 சதவீதம். கல்லாவுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் ஆறடிக்க ஐந்து நிமிஷம். இரண்டும் கண்ணில் பட்டன. ‘போன்ல டைம் தப்பா வச்சிருக்காரு போல’ என்று மனசு தானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்த நேரத்தில் திரையின் நடுவில் ஒரு விரல் வைத்திருந்தால் போதும், பாஸ் பட்டன் வந்து நின்றிருக்கும். ஆள் போனைக் கையை விட்டுக் கொடுக்கவே இல்லை என்பதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பணம் கட்டியதிலும் கோளாறு கண்முன்னாலேயே இருந்தது. கல்லா மேல் க்யூஆர் அட்டையில் கடைப் பெயர். ஸ்கேன் செய்தால் ஆப்பில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். “ஓனர் தம்பி அக்கவுண்ட் சார், கடை அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு.” கொடுத்த ரசீதில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது. இருந்தால் 15 எழுத்து, பாண்டிக் கடை என்றால் 34-இல் தொடங்கும், கடலூர் என்றால் 33. பேனாவில் எழுதியது ‘புரோக்ராம் 2 நபர் 14,000’. எந்தப் புரோக்ராம், எந்தத் தேதி, எந்தப் பகுதி, ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டைக் கொண்டுபோய் யாரிடம் காட்டினாலும் சிரிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு மெசேஜ்: ‘ஷோ கேன்சல். சிங்கர் அட்மிட். வேன் இல்லை. ரீஃபண்டு 7 டு 10 வொர்க்கிங் டேஸ்.’ செவ்வாய்க்கிழமையிலிருந்து அதே செய்தி காதில் விழுந்துகொண்டிருந்ததால் நம்புவதற்குக் கஷ்டமே இல்லை. டிக்கெட்டை மலிவாகக் காட்டி விற்க உதவிய அதே வதந்திதான் டிக்கெட் கொடுக்காமல் கைகழுவவும் உதவியது. இதை யார் யோசித்தாரோ, அவருக்கு மூளை இருக்கிறது.

உண்மையான ரத்து இப்படி வராது. 2019 மார்ச் 30 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு டூரைத் தள்ளிவைத்தார்கள். பாடகர் மிக் ஜாகருக்கு 75 வயது, இதய வால்வில் சிகிச்சை. அறிவித்தது குழுவே. வாங்கிய டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும் என்றும் சொன்னார்கள். ஜூன் 21 அன்று சிகாகோவில் மேடையேறிவிட்டார். பயத்தில் டிக்கெட்டை விற்றிருந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2023 செப்டம்பரில் ஏரோஸ்மித் ராக் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலருக்குக் குரல்வளையில் அடி, அதுவும் குழுவின் சமூக ஊடகக் கணக்கிலிருந்தே வந்தது. 2024 ஆகஸ்டில் இனி டூரே இல்லை என்று சொன்னதும் அவர்களே. காரணம் இருக்கிறது. பெரிய பாடகர் மேடையேறாமல் போனால் நஷ்டத்தைத் தரும் காப்பீடு எடுத்திருப்பார்கள், அதற்கு டாக்டர் சான்று வேண்டும். கலைஞர் தரப்பு, நடத்துபவர், டிக்கெட் விற்ற தளம் மூன்றும் பேசி முடித்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் வெளியே சொல்வார்கள். டிக்கெட் உண்மையில் உங்கள் பெயரில் இருந்தால் மெயிலும் எஸ்எம்எஸும் உங்களுக்கே வரும். பாண்டிக் கடைக்கு மட்டும் முதலில் தெரிய வழியே இல்லை.

நடக்கப்போகிறது என்பதற்கும் அடையாளம் உண்டு. மேடைச் சாரம் ஓரிரு நாள் முன்பே ஏறும், ஸ்பீக்கர் வரிசையைத் தொங்கவிடுவார்கள், அங்கே வேலை பார்க்கும் பையன்களே ரீல்ஸ் போடுவார்கள். பெங்களூர் மாதிரி ஊரில் எந்த ரோட்டைத் திருப்பிவிடுகிறார்கள், எங்கே பார்க்கிங் என்று போக்குவரத்து போலீஸ் அறிவிப்பும் வரும். வெள்ளிக்கிழமை மத்தியானமே அந்த அறிவிப்பு வந்திருந்தது. யார் பார்த்தது?

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு முதல் கிளிப் வந்தது. ஐசியூவில் இருப்பதாகச் சொன்ன மனிதர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று பாடியிருக்கிறார். சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருந்தார். இந்த வயதில் பலரும் செய்வது, குறை சொல்ல ஒன்றுமில்லை. உச்சத்தைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மைக்கை நீட்டுவதும் பழைய வித்தைதான். நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.

அப்புறம் அலைக்கழிப்பு. ஞாயிறு கடை பூட்டு. திங்கள் காலை போனில், “சார், நாங்க சொன்னது எங்களுக்கு வந்த தகவல். மேல இருக்கவங்க ஏமாத்திட்டாங்க, எங்களுக்கும் நஷ்டம்.” மேலே யார்? “அது பெங்களூர் பார்ட்டி.” நம்பர்? “ஆபீஸ்ல இருக்கு, அனுப்புறேன்.” வரவில்லை. நேரில் போனால் கல்லாவில் வேறு பையன்: “அண்ணன் திருப்பதி போயிருக்காருண்ணா, புதன்கிழமை வாங்க.” வேனாவது ஓடவில்லையே, அந்த 3,000-த்தைக் கொடுங்கள் என்றால், வேனுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, திரும்பாது என்கிறான். ஓடாத வேனுக்கு டீசல் போட்டார்களாம். 14,000-இல் 14 ரூபாய்கூட வரவில்லை.

வங்கியில், பின் போட்டு நீங்களே அனுப்பியது, எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். காவல் நிலையத்தில் அதைவிட வேடிக்கை. கடலூரில் கொடுத்தால் “பணம் குடுத்தது பாண்டியில, அது வேற ஸ்டேட், அங்க போங்க.” பாண்டியில் கொடுத்தால் “உங்க ஆதார்ல கடலூர்தான இருக்கு?” இரண்டு ஊருக்கும் நடுவில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது. மாறினாலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவில், எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். பிரிவு எண்ணைச் சொன்னதும் நாற்காலி வந்தது. ஏமாற்றுக்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா 318, பழைய ஐபிசி 420.

பத்துப் பாயிண்ட் என்று சொல்லியிருந்தேன். மணி பன்னிரண்டு ஆகிறது, தலை வலிக்கிறது, அவசரமானது மட்டும்.

கைமாற்று டிக்கெட் வாங்கினால் ஆப்பில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் வழியாக உங்கள் நம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள், உங்கள் போனில் உங்கள் லாகினில் திறந்தபிறகு பணம். டிரான்ஸ்ஃபர் வசதி இல்லாத டிக்கெட் என்றால் வாங்க வேண்டாம், வாசலில் புக் செய்தவரின் அடையாள அட்டை கேட்கலாம். அவர்கள் போனில் காட்டினால் மேல் பட்டையில் மணியைப் பாருங்கள், மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்ததும் வரும் பெயர் கடைப் பெயராக இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். ‘ரீஃபண்டு அனுப்புகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று யாராவது கூப்பிட்டால் அது இரண்டாவது திருட்டு. பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. ரத்து வதந்தி கிளம்பினால் இந்த போன்களும் கிளம்பும்.

போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். 12 இலக்க யுடிஆர் எண் (யுபிஐ பரிமாற்றத்தின் எண்), தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும், எஸ்எம்எஸில் வரும் புகார் எண்ணை வைத்துச் சைபர் கிரைம் தளத்தில் புகாரை முழுதாகப் போட்டுவிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் நிற்கும் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நான் சொன்னது இரண்டு நாள் கழித்து, அதற்குள் அந்தக் கணக்கு காலி.

கடை மேல் நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் போட்டிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். அதனால் 14,000-க்கான மனு கடலூரில்தான். எஸ்டிமேட் சீட்டு, வெள்ளிக்கிழமை மெசேஜ், யுபிஐ விவரம் மூன்றையும் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. அந்த ஏழு மணி மெசேஜை இன்றைக்குச் சாயந்திரம் அவர்கள் பக்கத்திலிருந்து ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ பண்ணப் பார்த்திருக்கிறார்கள் போல, கீழே வந்த இரண்டு மெசேஜ் அழிந்திருக்கிறது. உங்களிடமும் அதே கடையின் மெசேஜ் இருந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.