ஒரு பக்கம், ஒரு மாலைப் பொழுது: தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பணி

தமிழ் விக்கிமூலத்தைப் பலர் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கும் இணைய நூலகமாகவே அறிந்திருப்பார்கள். நான் இங்கே மதிப்பிட விரும்புவது அதன் பின்கட்டை. வேலைக்குப் போகும் ஒருவர், குடும்பத்தின் நேரத்தில் கை வைக்காமல், தன் ஓய்வுப் பொழுதைக் கொடுத்துப் பயனுள்ள ஒன்றைச் செய்வதற்கு அந்தத் தளம் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதே என் கேள்வி. ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்கே மெய்ப்புப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் என் ஓய்வு நேரம் எங்கே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். சனிக்கிழமைகளில் ஏரி தூய்மைப்படுத்தும் ஒரு குழுவோடு போய்க்கொண்டிருந்தேன், ஞாயிறு காலை வீணை வகுப்பு. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, ஏரிக்குப் போய் வரும் மூன்று மணி நேரத்தில் உண்மையாகக் குப்பை பொறுக்கியது நாற்பது நிமிடம் என்றும், மீதி நேரம் பேருந்துக்கும், ஆட்கள் வந்து சேரக் காத்திருப்பதற்கும், பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதற்கும் போயிற்று என்றும் தெரிந்தது. "ஊருக்குக் கொடுக்க உனக்கு நேரம் இருக்கிறது, எங்களுக்குத்தான் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது" என்று கணவர் விளையாட்டாகச் சொன்னதில் விளையாட்டு குறைவாகத்தான் இருந்தது. வீணையை விட எனக்கு மனம் வரவில்லை. ஏரியை மாதம் ஒரு முறை என்று குறைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொண்டு ஏதேனும் உண்டா என்று தேடியபோது கிடைத்தது இது.

விக்கிமூலம் இயங்கும் முறை எளிமையானது. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் வருடி எடுத்த படங்களாக அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நூல் பொதுவாகிவிடுகிறது. நாட்டுடைமை நூல்களுக்கோ மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசே அவற்றைப் பொதுவாக்குகிறது. 1949இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கிய இந்த வழக்கத்தால் பொதுவுக்கு வந்த நூல்களில் 2,000க்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்குக் கிடைக்கச் செய்திருக்கிறது. எழுத்துணரி என்னும் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் பார்த்து அதில் இருப்பதாகத் தான் நினைக்கும் எழுத்துகளைத் தட்டெழுதி வைக்கும். திரையின் ஒரு பாதியில் படம், மறு பாதியில் அந்த எழுத்துகள். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழைகளைத் திருத்துவதுதான் நமக்கான வேலை. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை, சிக்கல் உள்ளது ஊதா. தான் திருத்திய பக்கத்தைத் தானே பச்சையாக்கிக்கொள்ள முடியாது என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இந்த வேலையின் பெரிய வசதி அதன் அளவு. ஒரு பக்கம் எனக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் எடுக்கிறது. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒரு பக்கம் முடியும், முடியாவிட்டாலும் அதுவரை திருத்தியதைச் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, நான் போகாததால் எந்த நிகழ்ச்சியும் நின்றுபோகவில்லை. வார நாட்களில் மூன்று மூன்று பக்கமாக, 184 பக்கக் கட்டுரை நூல் ஒன்றை மூன்று மாதத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்தேன். இதற்கு முன் வாங்கிய கேமரா அலமாரியில் தூங்குவதற்குக் காரணம், அதற்கு ஒரு முழு விடியற்காலை வேண்டும் என்பதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை எளிது என்றேன். சலிப்பில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ் எழுத்தை இவ்வளவு நெருக்கமாக நான் பள்ளியிலும் பார்த்ததில்லை. பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால் மென்பொருள் 'காரணம்' என்பதைக் 'கரரணம்' என்று எழுதி வைக்கிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மங்கிய அச்சில் இடம் மாறி, 'கேட்டான்' என்பவன் 'கெட்டான்' ஆகிவிடுகிறான். அத்தியாய எண்களைத் தமிழ் எண்களில் போட்டிருக்கும் நூல்களில் ௧ என்பது ககரமாகவும் ௨ என்பது உகரமாகவும் மாறுகின்றன. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அத்தியாயம் உ என்று இருக்கிறதே, அ, ஆ எல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டான். தமிழ் எண்களை அவனுக்கு அன்றுதான் எழுதிக் காட்டினேன்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானவை பழைய வடிவ எழுத்துகள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா போன்றவை ஒட்டி வளைந்தும், ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போல முன்னால் வளைவு வைத்தும் அச்சிடப்பட்டன. மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. எண்பதுகளில் பள்ளிக்குப் போன நானும் வேகமாகப் படிக்கையில் தடுமாறுகிறேன். என் மாமனார் தடுமாறுவதில்லை. அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த எழுத்துகளில்தான் படிக்கவே கற்றார்.

முதலில் ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டேன். இப்போது இரவு உணவுக்கு முன் அவர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். படத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் அவர் நிறுத்தி நிறுத்தி வாய்விட்டுப் படிக்கிறார், நான் மறு பாதியில் விரலை ஓட்டிக்கொண்டே திருத்துகிறேன். தனியாகப் பார்க்கும்போது கண் தானாகவே சரியான சொல்லை இட்டு நிரப்பிக்கொண்டு பிழையைத் தாண்டிவிடும். காதால் கேட்கும்போது அப்படித் தாண்ட முடிவதில்லை. அவருக்கும் எனக்கும் முன்பெல்லாம் மருந்து, மின்கட்டணம் தவிர அதிகம் பேச்சு இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் தகராறு. மெய்ப்புப் பார்ப்பது என்றால் அச்சில் உள்ளதை உள்ளபடி கொண்டுவருவது; நூலாசிரியர் ஓர் ஒற்றெழுத்தை விட்டிருந்தால் நாமும் விட்டுவிட வேண்டும். மாமாவுக்கு இது பொறுக்காது. "ஏம்மா, தப்பு என்று தெரிந்தும் அப்படியே போடுவதற்கு நாம் எதற்கு?" என்பார். "மாமா, இது அவருடைய புத்தகம்" என்பேன். இந்த வாதம் வாரம் ஒரு முறையாவது நடக்கிறது, இதுவரை தீரவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். கைப்பேசியில் இந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம். படமும் எழுத்தும் அருகருகே தெரிய ஒரு மடிக்கணினியாவது தேவை, ஆகவே கணினி இல்லாத வீடுகளுக்கு இந்தத் தொண்டு எட்டாது. தலைப்பு, சாய்வெழுத்து, பாடல் வரிகள் ஆகியவற்றுக்கு உரிய குறியீடுகள் புதிதாக வருபவரை மிரட்டும். முதல் நூலாக உரைநடையைத் தேர்ந்தெடுங்கள். சீர் பிரித்து அடி அமைத்த செய்யுள் நூலைத் தொட்டால் இரண்டே நாளில் ஓடிவிடுவீர்கள். ஒரு பக்கம் பச்சையாக இன்னொருவர் வர வேண்டும் என்ற விதியின் மறுபக்கம், மஞ்சளாகவே காத்துக் கிடக்கும் பக்கங்கள். கைதட்டலை எதிர்பார்ப்பவர்களுக்கும் இந்த இடம் சரிப்படாது. பக்கத்தின் வரலாற்றில் உங்கள் பயனர் பெயர் ஒரு வரியாக நிற்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்கோ, ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கோ இது ஈடாகாது. மனித முகம் பார்த்துச் செய்யும் தொண்டில் கிடைக்கும் நிறைவு இதில் மெல்லத்தான் வருகிறது. எனக்கு அது வந்தது, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை நான் முடித்த நூலில் ஓட்டிப் பார்த்த அன்று. படமாக மட்டும் இருக்கும் பக்கத்தை அந்த மென்பொருளால் வாசிக்க முடியாது, பார்வையற்ற ஒருவருக்கு அது வெற்றுத் தாள். திருத்திய பக்கத்தை வாசிக்கும், அதனுள் ஒரு சொல்லைத் தேடலாம், முழு நூலையும் மின்னூலாக இறக்கிக்கொள்ளலாம். 'கரரணம்' என்று விட்டிருந்தால் அது 'கரரணம்' என்றே வாசித்திருக்கும்.

செலவு எதுவும் இல்லை, கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் கிடைப்பவர்கள் வேறு பொழுதுபோக்கைப் பார்க்கலாம். இருபது நிமிடம் இருபது நிமிடமாகக் கிடைப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஒரு விதியை மட்டும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஒன்பது மணிக்கு மேல் மடிக்கணினி மூடியிருக்கும். இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று இழுக்கும் குணம் இந்த வேலைக்கு உண்டு. அதற்கு இடம் கொடுத்தால் கணவர் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வார்.

இப்போது கையில் இருப்பது இரண்டாவது நூல். அதில் 97ஆம் பக்கத்தின் கீழ் மூலை கிழிந்து நான்கு வரிகள் பாதியாக நிற்பதால் அதை ஊதா நிறத்தில் விட்டு வைத்திருக்கிறேன். லால்குடியில் தன் பழைய நண்பர் வீட்டில் அதே பதிப்பு இருந்ததாக மாமா சொல்கிறார். வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நால்வரும் போகிறோம். நண்பரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டாராம், பரணில் தேடி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.