பழைய செயின்சா ஒன்றுடன் ஒன்பது ஆண்டுகள்: பெங்களூரிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது ஹஸ்க்வர்னா 61 என்னும் மாடல் செயின்சா, அதாவது எஞ்சினால் ஓடும் மரம் அறுக்கும் மெஷின்; 61.5 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 18 அங்குல பார் (பற்கள் உள்ள செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). 2016-இல் சிவாஜி நகரில் ஒரு குஜிரிக் கடையில் (பழைய சாமான் கடை), சக்லேஷ்புரம் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்த சாமான்களோடு, உடைந்த ஸ்ப்ரேயர்களுக்கு அடியில் கிடந்தது. 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். என் மைத்துனர் ஸ்ரீராமபுரத்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். சோற்றுக்கும் சாம்பாருக்கும் இன்றும் விறகடுப்புதான் வேண்டும் என்பவர். அவருக்கு வேண்டிய விறகையும், கே.ஆர். புரத்தில் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவுக்கு வேண்டியதையும் ஒன்பது ஆண்டுகளாக இந்த ஒரே மெஷினால்தான் அறுத்து வருகிறேன். இதைப் பழுது பார்ப்பதற்கு ஆன மொத்தச் செலவு, வாங்கிய விலையும் சேர்த்து, முதல் ஆண்டில் ஏறத்தாழ 11,000 ரூபாய். அதன் பிறகு ஆன செலவில் பெரும்பகுதி என் சொந்தத் தவறுகளுக்குக் கட்டிய அபராதம். அந்தத் தவறுகளைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தேன். ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினை அந்தரத்தில் தொங்கவிட்டால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன்) உள்ள எஞ்சின் தன் எடையால் விட்டுவிட்டு, படி இறங்குவதுபோல மெதுவாக இறங்கும்; இல்லாதது சரசரவென்று தரைக்கு வந்துவிடும். இது மெதுவாகவே இறங்கியது. அடுத்து, சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தேன். பிஸ்டன் பக்கவாட்டில் தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால் அது ஒருமுறை எண்ணெய் இல்லாமல் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கிறது என்று பொருள். குறுக்குக் கோடுகள் தெரிந்தன. மகிழ்ச்சியை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கடைக்காரரிடம் பேரம் பேசினேன்.

பழுது பார்த்ததில் எனக்குத் துணையாக இருந்தவர் அல்சூரில் ஆர்எக்ஸ் 100, யெஸ்டி பைக்குகளை மட்டுமே தொடும் ஒரு முதிய மெக்கானிக். செயின்சாவை அவர் அதற்கு முன் திறந்ததே இல்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்றால் எல்லாம் ஒரே குடும்பம்தான் என்பது அவர் கட்சி. கிளட்ச்சைக் கழற்றும் இடத்தில் நான் அரை மணி நேரம் திணறிக்கொண்டிருந்தேன். அது இடமரை, வழக்கமான திசையில் திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போகும் என்பது எனக்குத் தெரியவில்லை. அவர் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். பிஸ்டன் மேலே ஏறும் சமயத்தில் ப்ளக் துளை வழியாக ஒரு முழம் நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே தள்ளினார். பிஸ்டன் அந்தக் கயிற்றில் மெத்தென்று முட்டி நின்றதும், கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு தட்டு தட்டினார். கிளட்ச் கழன்று கையில் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு பிஸ்டனை நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பிஸ்டன் தலையில் பள்ளம் விழுவதைப் பிறகு பார்ப்பார்கள்.

கிராங்க் ஆயில் சீல்கள், இரண்டு பேரிங்குகள், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர், பெட்ரோல் குழாய், டேங்க் உள்ளே கிடக்கும் ஃபில்டர், டயாஃப்ரம் கிட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுத்துவிடும் மெல்லிய சவ்வுகள்) ஆகியவற்றை மாற்றினோம். பேரிங்கின் மீது பொறித்திருந்த எண்ணைச் சொன்னால் ஜே.சி. ரோட்டில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கிறது; வெப்பத்தில் விரியும் எஞ்சின் என்பதால் சி3 இடைவெளி வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சினைப் பூட்டிய பிறகு காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனிக் கருவி உண்டு. நான் வீட்டில் இருந்த பழைய பி.பி. பார்க்கும் கருவியின் பம்பையும் மீட்டரையும் பயன்படுத்தினேன். சைக்கிள் டியூபை வெட்டி, கார்புரேட்டர் பக்கத் துளையையும் எக்ஸாஸ்ட் துளையையும் அடைத்து, ப்ளக் துளை வழியாக மீட்டர் 300 காட்டும் வரை காற்றேற்றி, சீல்களைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினேன். கிளட்ச் பக்கத்துச் சீலில் கடுகளவு குமிழ் ஒன்று ஊதி ஊதி உடைந்தது. புதுச் சீலைக் கோணலாக அடித்திருந்தேன். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த ஓட்டை வழியாக எஞ்சின் அதிகக் காற்றை உறிஞ்சி, பெட்ரோலோடு வரும் எண்ணெய் போதாமல், ஒரே மாதத்தில் பிஸ்டனைத் தின்றிருக்கும்.

இந்தக் காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்குதான் பழைய மெஷினின் ஆயுள் கணக்கு. இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் தனியாகப் போவதில்லை, பெட்ரோலில் கலந்தே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. ஆனால் பெட்ரோல் குறையும்போது சத்தம் கூர்மையாகி, வேகம் கூடி, மெஷின் புதிதுபோலப் பாய்கிறது. அந்தச் சத்தத்தில் மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

2019 ஜனவரியில் வேலூர் பக்கம் தங்கை வீட்டுத் தோட்டத்தில் ஒரு புளியமரம் சாய்ந்துவிட்டது என்று மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். பெங்களூரில் அது மணியாக ஓடிக்கொண்டிருந்தது; கார்புரேட்டரில் 'எச்' என்று குறித்த திருகை (முழு வேகத்தில் போகும் பெட்ரோலின் அளவை வைப்பது, இறுக்கினால் பெட்ரோல் குறையும்), நல்ல கூர்மையான சத்தம் வரும்படி, இருக்க வேண்டியதைவிடச் சற்று இறுக்கமாகவே வைத்திருந்தேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர் சுமார் 200 மீட்டர்தான். கீழே போகப் போகக் காற்று அடர்த்தியாகிறது; திருகு இருந்த இடத்திலேயே இருக்க, அதே அளவு பெட்ரோலுக்கு அதிகக் காற்று சேர்கிறது. ஏற்கெனவே பெட்ரோல் குறைந்து வறட்சியாக ஓடிய எஞ்சின் இன்னும் வறண்டது. புளியமரத்தின் அடித்தண்டில் மூன்றாவது வெட்டின் நடுவே சத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறி, அப்படியே நின்றது. கயிறு இழுக்க வரவில்லை. தங்கை கணவர், "என்ன மச்சான், பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பித் திறந்தபோது எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன. அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் சாம்பல் நிறத் தீற்றலாக ஒட்டியிருந்தது. அல்சூர் மெக்கானிக் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி கத்துச்சுன்னா சந்தோஷப்படாதே, அது எண்ணெய் கேட்டு அழுவுது" என்றார். சிலிண்டரின் உட்பூச்சு நன்றாக இருந்ததால் அதைக் காப்பாற்ற முடிந்தது. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தீற்றலின் மேல் மட்டும் வைத்தால், அலுமினியம் நுரைத்துக் கரைகிறது, உட்பூச்சு கரைவதில்லை. ஆனால் பூச்சு உரிந்த இடத்திலும் துளைகளின் விளிம்பிலும் பட்டால் அடியிலுள்ள அலுமினியத்தையே அரித்துவிடும். மூக்கில் துணி கட்டி, மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஒரு மதியம் முழுவதும் இதைச் செய்தேன். கடைசியில் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, எண்ணெய் தடவினேன். புது பிஸ்டனும் ரிங்கும் 2,200 ரூபாய். முதலில் வாங்கிய மலிவான டூப்ளிகேட் ரிங் மூன்றே மாதத்தில் தளர்ந்ததால், இரண்டாவது முறை தரமானதையே வரவழைத்தேன்.

அதற்குப் பிறகு என் டியூனிங் முறை மாறியது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வெட்டில் இல்லாதபோது முழு ஆக்ஸிலரேட்டரில் சத்தம் சற்றுத் தடுமாறி, தொண்டை கட்டியதுபோல 'பொறபொற'வென்று வர வேண்டும். பாரை மரத்தில் அழுத்தியதும் அந்தத் தடுமாற்றம் நீங்கிச் சுத்தமாக இழுக்க வேண்டும். வெட்டாதபோதே சத்தம் சுத்தமாக இருந்தால் திருகைக் கொஞ்சம் திறக்கிறேன். மலை இறங்கும் பயணம் என்றால் போன இடத்தில் முதல் வேலை இதுதான்.

அடுத்த பாடம் பெட்ரோல் பங்கிலிருந்து வந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில், பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய அளவிலேயே திருகை வைத்திருந்தால், மலை இறங்காமலேயே எஞ்சின் வறட்சிப் பக்கம் சாய்கிறது. இந்தப் பெட்ரோலுக்கு மாறியபோது என் மெஷினுக்கு 'எச்' திருகை ஏறத்தாழ எட்டில் ஒரு சுற்று திறக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் கேனில் கிடந்த கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். அடியில் விரற்கடை அளவுக்கு வெளிறிய நீர் தனியே நின்றது. டேங்க் ஃபில்டர் முதலில் குடிப்பது அந்த அடித்தட்டைத்தான். அதில் மசகெண்ணெய் அநேகமாக இல்லை. அன்றிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் கலப்பதில்லை. லிட்டருக்கு 25 மில்லி, ஜாசோ எஃப்டி என்ற தரக் குறி டப்பாவில் போட்ட டூ ஸ்ட்ரோக் எண்ணெய். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுகிறேன். முன்பு நான்கு ஆண்டு உழைத்த டயாஃப்ரம் இப்போது ஒன்றரை ஆண்டில் விறைத்துப் போகிறது. 300 ரூபாய்ச் சாமான் என்பதால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

செயினைப் பொறுத்தவரை, மெஷின் பழையதா புதியதா என்ற கேள்வியே எழுவதில்லை. அரம் பிடிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். என் செயினில் 68 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகள்), இடமும் வலமுமாக 34 பற்கள். 5.5 மில்லிமீட்டர் வட்ட அரத்தை, அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் விளிம்புக்கு மேலே தெரியும்படி வைத்து, 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான்; ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே வளைந்துகொண்டு போகும். இப்படிக் கொக்கிபோல வளைந்த பல்லை 1940-களில் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி வடிவமைத்தார். மரக்கட்டைக்குள் வண்டுப் புழு இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கடித்துச் செல்வதைப் பார்த்து அந்த யோசனை பிறந்தது. கூர் இருக்கிறதா என்பதை மெஷின் துப்புவதே சொல்லிவிடும்: தேங்காய்த் துருவல்போல நீளச் சீவல் வந்தால் சரி, மாவாக உதிர்ந்தால் நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும்.

பெங்களூரின் சாலையோர மரத்தை அறுப்பவருக்குத் தனி எச்சரிக்கை. ஒரு மே மாத மழையில் முறிந்து விழுந்த தூங்குமூஞ்சி மரக் கிளைகளை, அனுமதியோடு, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மரத்துக்குள் எத்தனையோ ஆண்டு விளம்பரப் பலகைகளின் ஆணிகள் புதைந்திருந்தன. ஒரே வெட்டில் பதினொரு பற்களின் முனை போயிற்று. இப்போது வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தாலே மெஷினை நிறுத்துகிறேன்; உள்ளே இரும்பு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பட்டை மேல் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு, ஆழத்தில் இருப்பதை அது காட்டுவதில்லை. ஆதலால் பெரும்பாலும் ஹொஸகோட்டே பக்கத்திலிருந்து வரும் தைலமரக் கட்டைகளையே வாங்குகிறேன். வாங்கிய வாரமே, பச்சையாக இருக்கும்போதே அறுத்துப் பிளந்துவிட வேண்டும். காய்ந்த தைலமரம் செயினையும் கோடாலியையும் ஒருசேரச் சோதிக்கும். நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு 1976-ஆம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால் அந்த வேலைக்கே நான் போவதில்லை.

பார் எண்ணெயில், அதாவது செயினும் பாரும் உரசித் தேயாமல் இருக்க ஊற்றும் எண்ணெயில், நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லோரையும் போல வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயை ஊற்றினேன். அதிலிருந்த உலோகத் துகள் ஆயில் பம்பைத் தேய்த்தது ஒரு பக்கம். அந்த எண்ணெய் தெறித்த விறகில்தான் நூறு பேருக்குச் சமையல் நடக்கிறது என்பது மறுபக்கம். மைத்துனரின் சமையற்கூடத்தில் மிஞ்சிய சூரியகாந்தி எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். அறுக்கும்போது அருமையாக இருந்தது. ஆனால் ஆடி மாதம் முழுவதும் கல்யாணம் இல்லாமல் மெஷின் சும்மா கிடக்க, எண்ணெய் பலாப்பிசினாக இறுகி, செயின் பாரோடு ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரித்தேன். இப்போது புது எஸ்ஏஇ 40 எஞ்சின் எண்ணெய்தான். குளிர்ந்த மார்கழிக் காலையில் கொஞ்சம் மந்தமாக வரும், அதனால் முதல் வெட்டுக்கு முன் பாரின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து, எண்ணெய்ப் புள்ளி விழுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

பழைய மெஷின் வாங்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்டால், செயின் பிரேக் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பாரின் நுனியின் மேல் கால்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் முன்பக்கக் காப்பு கையில் தட்டிச் செயினை நிறுத்துவது முக்கியமான பாதுகாப்பு. என் மெஷினின் பிரேக் பட்டை தேய்ந்திருந்ததால் அதை மாற்றிய பிறகுதான் முதல் வெட்டே போட்டேன்.

சென்ற மாதம் கம்ப்ரஷன் பார்த்தபோது 145 பிஎஸ்ஐ காட்டியது. பிஸ்டன் மாற்றிய புதிதில் 155 இருந்தது. எஞ்சின் இன்னும் சில ஆண்டு போகும். கைப்பிடியைத் தாங்கும் அதிர்வு ரப்பர்களில் ஒன்று மட்டும் விரிசல் விட்டிருக்கிறது; அரை மணி நேரம் அறுத்தால் இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை மைத்துனருக்கு விறகுக் கடையில் சவுக்குதான்.