மாமாவோட கல்கத்தா கிட்டாரு, என் ரிவியூ

இது கடையில போயி கேட்டு வாங்குற மாடல் இல்ல, ஆனா மதுரைப் பக்கம் பரண்ல இந்த மாதிரி ஒண்ணு நெறைய வீட்ல தூசி படிஞ்சு கெடக்கும், அவங்களுக்காக எழுதுறேன். எங்க அம்மாவோட தம்பி 1980கள்ல வாங்கி, அவரே கையால படம் வரைஞ்சு வச்சது. உள்ள ஒட்டுன லேபிள் பாதி கிழிஞ்சு போச்சு, கல்கத்தாங்குற பேரு மட்டும் தெரியுது, கம்பெனி பேரு போயிருச்சு.

மொதல்ல சத்தம். மேல்பலகை உள்பட மொத்தமும் பிளைவுட்டு. சாலிட் டாப்பு, அதாவது அடுக்கு இல்லாத முழு மரத்துல மேல்பலகை போட்ட கிட்டாரு வாசிச்சுப் பழகுன காதுக்கு பேஸ் பத்தவே பத்தாது, நோட்டு நிக்காது, அடிச்ச ஒடனே கணீர்னு வந்து டக்குனு அடங்கிரும். ஆனா ரிதம் அடிக்கிறவங்களுக்கு அதுதான் வேணும். மாமா சர்ச் கொயர்ல வாசிச்சாரு, மைக் இல்லாமயே தபேலா கீபோர்டு எல்லாத்துக்கும் நடுவுல இந்த கிட்டாரு தனியா கேக்கும்னு அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க, இப்ப நான் அடிச்சுப் பாக்கும்போது அது ஏன்னு புரியுது, மிட், அதாவது நடு ரேஞ்சு சத்தம் அம்புட்டு தூக்கலா இருக்கு. ஓட்டை வழியா போன் கேமராவ விட்டுப் பாத்தா மேல்பலகையத் தாங்குற கட்டைங்க எக்ஸ் மாதிரி குறுக்க போற எக்ஸ் பிரேசிங் உள்ள இல்ல, ஏணிப்படி மாதிரி நேரா குறுக்குக் கட்டைங்க தான். அமெரிக்கால ஹார்மனி கம்பெனி ஸ்டெல்லான்னு மலிவா விட்ட கிட்டாருலயும் இதே அமைப்பு தான், அத இன்னைக்குத் தேடிப் புடிச்சு வாங்குறாங்க.

வாசிக்க எப்படின்னா, கைக்கு வந்தப்ப ரொம்பக் கஷ்டம். கழுத்துல குறுக்க பதிச்சிருக்குற ஃப்ரெட்டுகள்ல 12வது கிட்ட, வாசிக்கிற கம்பிக்கு அடியில ஒரு பென்சிலே போகும். ஆர்மோனியம் ரிப்பேர் பாக்குற ஒரு பெரியவர்ட்ட குடுத்தேன், அவரு கம்பியத் தாங்குற பிரிட்ஜோட அடியத் தேச்சு எறக்கி, கழுத்தோட தலைமாட்டுல கம்பி உக்கார்ற நட்டுல பள்ளத்த அராவி, வெளிய நீட்டிக்கிட்டு வெரலக் கிழிச்ச ஃப்ரெட்டு முனையெல்லாம் மழுக்கிக் குடுத்தாரு, 700 ரூபா தான் வாங்குனாரு, வேலை அருமை. இதுல பிரிட்ஜு ஒட்டினது கெடையாது, கம்பியெல்லாம் கீழ் நுனியில இருக்குற டெயில்பீஸ்ல மாட்டி பிரிட்ஜு சும்மா கம்பி அழுத்தத்துல நிக்கும், அதனால கம்பி மாத்தும்போது ஒவ்வொண்ணா மாத்துங்க, மொத்தமா கழட்டுனா எடம் மாறிரும். மாறிருச்சுன்னா 12வது ஃப்ரெட்ல ஹார்மானிக் (கம்பிய அமுக்காம லேசா தொட்டு அடிக்கிறது) எடுத்துப் பாருங்க, அப்புறம் அதே ஃப்ரெட்ட அமுக்கிப் பாருங்க, அமுக்குன நோட்டு ஏறிக் கேட்டா பிரிட்ஜ டெயில்பீஸ் பக்கமா லேசா தள்ளணும், எறங்கிக் கேட்டா கழுத்துப் பக்கமா இழுக்கணும். இன்னொண்ணு, கழுத்து வளையாம தாங்குற இரும்புக் கம்பி, அதான் ட்ரஸ் ராடு, உள்ள இல்ல. 12 கேஜ் (கம்பியோட தடிமன்) செட் போட்டு நார்மல் ட்யூனிங் வச்சா 70 கிலோவுக்கு மேல இழுக்கும், பழைய மரம் தாங்காது. நான் அத விட மெலிசான 10 செட் போட்டு அரை ஸ்ருதி எறக்கி வச்சிருக்கேன், நல்லா நிக்குது.

இப்ப படத்துக்கு வர்றேன், நான் எழுத வந்ததே இதுக்குத்தான். மாமா போர்டு எழுதுற ஆர்டிஸ்ட்டு. கடை போர்டு, செவுத்து விளம்பரம், கல்யாணத் தட்டி எல்லாம் அவரு கை தான். வாங்குன கொஞ்ச நாள்லயே வேலைக்குப் போக மிச்சம் இருந்த எனாமல் பெயிண்ட்ட எடுத்து கிட்டாருல வரைய ஆரம்பிச்சுட்டாராம். பின்பலகை முழுக்க வண்டியூர் தெப்பக்குளம், நடுவுல மைய மண்டபம், குளம் நெறையத் தண்ணி. அந்தக் காலத்துல தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணி விடுறதோட சரி, மத்த நாள்ல பயலுக குளத்துக்குள்ள கிரிக்கெட்டு வெளையாடுவாங்க, இவரு நெறைகுளமாவே வரைஞ்சு வச்சிருக்காரு, இப்ப வைகைத் தண்ணி வந்து நெசமாவே அப்படித்தான் இருக்கு. மண்டபத்தோட நெழலு தண்ணியில விழுகுற எடத்துல பச்சை மேல படுக்கப் படுக்க வெள்ளைக் கோடு, ஒவ்வொண்ணும் ஒரே இழுப்பு, எங்கயும் திருத்துன தடம் இல்ல. தலைப்பக்கம் அவரு பேரு மஞ்சள்ல, செவப்பு ஷேடு குடுத்து. எழுத்து நேரா வர அடிச்ச பென்சில் கோடு ஓரத்துல இன்னும் தெரியுது. மேல்பலகையில மட்டும் ஓட்டையச் சுத்தி மல்லிகை மொட்டு வரிசை, மத்தபடி தொடவே இல்ல. பெயிண்ட்டு தடிமனா ஏறுனா பலகை அதுராதுங்குறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

1930கள்லயே அமெரிக்கால சியர்ஸ்ங்குற பெரிய கடையோட கேட்டலாக்ல கௌபாய் படம் போட்ட கிட்டாரு வித்தாங்க, அது ஃபேக்டரியில ஸ்டென்சில் வச்சு அடிச்சது, ஒரு மாடல்னா எல்லாத்துலயும் ஒரே படம். மாமா வரைஞ்ச மாதிரி இருக்குறது இது ஒண்ணு தான். ஃப்ளெக்ஸ் வந்ததுக்கப்புறம் மாமா எழுதுன போர்டு ஒண்ணு கூட ஊருல மிச்சம் இல்ல, செவுரெல்லாம் வெள்ளையடிச்சாச்சு. அதனாலதான் ஒரு மியூசிக் கடையில இதப் பாத்துட்டு, சொரண்டி எடுத்துட்டு புதுசா சன்பர்ஸ்ட், அதான் நடுவுல வெளிறி ஓரம் கருக்குற கலரு, அடிச்சுத் தர்றோம்னு சொன்னப்ப எனக்குக் கோவமே வந்துருச்சு. ஆர்மோனியக்காரரு, "தம்பி, மேல இருக்குறது காயிதம் கனத்துக்கு சீவுன மரம், வெனீரு, சொரண்டுனா பிளைவுட்டு அடுக்கு பிஞ்சிரும், சும்மா இருக்க விடுப்பா"ன்னாரு. பாதுகாப்புக்குன்னு மேல லேக்கரும் அடிக்காதீங்க, லேக்கர்ல இருக்குற தின்னரு எனாமலச் சுருக்கி உரிச்சு விட்ரும். காஞ்ச பனியன் துணியால தொடச்சாலே போதும்.

யாராவது உங்களுக்கு இந்த மாதிரி பழசு ஒண்ணு வித்தா, தலைப்பக்கம் கண்ண வச்சு கழுத்து நேரா இருக்கான்னு பாருங்க, நேரா இருந்தா 2000 ரூபா வரைக்கும் தாராளமா குடுக்கலாம். கம்பிய முறுக்குற கீ தேஞ்சிருந்தா கவலப்படாதீங்க, புது செட்டு கம்மி வெலைக்கே கெடைக்குது. கழுத்து வளைஞ்சிருந்தா வாசிக்கன்னு வாங்காதீங்க, படம் புடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க.